எழுதவும் வரையவும் ஒரு டேப்லெட்: செட்டிநாட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

டேப்லெட் வாங்கக் கடைக்குப் போனால் ராம் எவ்வளவு, கேமரா எவ்வளவு, திரை எத்தனை இஞ்ச் என்றுதான் பேச்சு தொடங்கும். படம் பார்க்க வாங்குகிறவருக்கு அது சரி. வேலையிடத்தில் நின்றபடி கையால் குறிப்பு எழுதவும், அளவு போட்டு ஒரு நிலைக்கதவையோ தூணையோ வரையவும் வாங்குகிறவர் இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். முதலில் பேனா, அடுத்து திரை, மூன்றாவது செயலி, அதாவது எழுதவும் வரையவும் உதவும் ஆப். ராமும் கேமராவும் கடைசியில் வரட்டும்.

செட்டிநாட்டில் இந்தத் தேவை உள்ளவர்கள் நிறையப் பேர். இங்குள்ள ஊர்த்தொகுதிகள் 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. பழைய வீடுகளைப் பழுது பார்ப்பதும் விடுதியாக மாற்றுவதும் காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டை, பள்ளத்தூர் என்று பரவலாக நடக்கிறது. பல வீடுகளுக்குப் பழைய வரைபடம் எதுவும் கையில் இருக்காது. முகப்பு முதல் கடைசிக் கட்டு வரை (கட்டு என்றால் வீட்டின் ஒரு பகுதி) நாமேதான் அளந்து வரைய வேண்டும். ஆத்தங்குடித் தரைக்கல்லுக்குப் புதுப் பூ வரைகிறவர், கண்டாங்கிச் சேலைக்குக் கட்டம் போடுகிறவர், பழம்பொருள் வாங்கி விற்கிறவர் எல்லோருக்கும் இதே கதைதான். கீழே உள்ள உதாரணங்களில் பாதிக்கு மேல் வீட்டு வேலையைப் பற்றியவை. உங்கள் தொழிலுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 1: உங்கள் பழைய நோட்டைப் புரட்டுங்கள்

கடைக்குப் போவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. கடந்த ஒன்றிரண்டு மாதம் நீங்கள் எழுதிய நோட்டு, துண்டுச் சீட்டு, சிமெண்டு மூட்டையின் பின்பக்கம் எல்லாவற்றையும் எடுத்து வைத்துப் பாருங்கள். சொற்கள் எத்தனை பக்கம், வெறும் அளவுகள் எத்தனை பக்கம், படங்கள் எத்தனை? படங்களில் அவசரக் கிறுக்கல் எவ்வளவு, ஆசாரியிடம் கொடுக்கிற அளவுக்குத் தெளிவானவை எவ்வளவு?

பெரும்பாலும் சொற்களும் கணக்கும்தான் என்றால் டேப்லெட் வேண்டாம். நல்ல நோட்டு ஒன்று வாங்கி, சாயங்காலம் போனில் ஸ்கேன் செய்து வைத்தாலே போதும். கூகுள் டிரைவ் செயலியில் அந்த வசதி இலவசமாக இருக்கிறது. எடுத்த போட்டோவின் மேலேயே அளவு குறிக்க வேண்டியிருக்கிறது, ஒரே படத்தைத் திருத்தித் திருத்தி மூன்று பேருக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது, வண்ணம் தேவைப்படுகிறது என்றால்தான் செலவுக்கு அர்த்தம் உண்டு.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: எங்கே நின்று எழுதுகிறீர்கள்? முற்றத்து வெயிலிலா, பகலிலும் இருட்டாக இருக்கும் உள் அறையிலா, மேசையிலா? மூன்றாவது படியில் இந்தப் பதில்தான் முடிவு செய்யும்.

படி 2: பேனாவைத் தேர்ந்தெடுங்கள்

பேனாக்கள் மூன்று வகை. முதலாவது, முனையில் ரப்பர் வைத்த மலிவான குச்சி. அது விரல் செய்வதைத்தான் செய்யும். அழுத்தி எழுதினாலும் மெல்ல எழுதினாலும் கோடு ஒரே தடிமன்தான். உள்ளங்கை திரையில் பட்டால் அங்கும் ஒரு கோடு விழும். இது வேலைக்கு ஆகாது.

இரண்டாவது, உள்ளே பேட்டரி உள்ள பேனா. ஆப்பிள் பென்சில், மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் பேனா, ஷாவ்மி, ஒன்பிளஸ் டேப்லெட்களுக்குத் தனியாக விற்கும் பேனாக்கள் எல்லாம் இந்த வகை. நன்றாகவே எழுதும். ஆனால் டேப்லெட்டுக்கு மட்டுமல்லாமல் பேனாவுக்கும் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும்.

மூன்றாவது, எழுதுவதற்குப் பேட்டரியே தேவைப்படாத மின்காந்தப் பேனா. ஜப்பானிய நிறுவனமான வேக்கம் வளர்த்தெடுத்த தொழில்நுட்பம் இது. திரைக்கு அடியில் உள்ள தகடு உண்டாக்கும் மின்காந்தப் புலத்திலிருந்தே பேனா தனக்கான சக்தியை எடுத்துக்கொள்ளும். சாம்சங்கின் எஸ் பென் இந்த வகை. ரீமார்க்கபிள் 2, கிண்டில் ஸ்க்ரைப் போன்ற மின்தாள் கருவிகளின், அதாவது அச்சுக் காகிதம் போலத் தெரியும் திரை உள்ள கருவிகளின், பேனாக்களும் இப்படித்தான். மின்வெட்டும் தூசியும் அலைச்சலும் உள்ள வேலைக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஒரே ஒரு தொல்லை, காந்தம். காந்தம் வைத்த மலிவு உறை போட்டாலோ லேப்டாப்பின் மேல் வைத்து எழுதினாலோ சில இடங்களில் கோடு விலகி விழும். உறை வாங்கும்போது அதே மாடலுக்கென்று செய்ததா என்று கேட்டு வாங்குங்கள்.

எந்தப் பேனா எந்த டேப்லெட்டுக்கு என்பதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஆப்பிள் பென்சில் நான்கு விதமாக இருக்கிறது: 2015-ல் வந்த முதல் தலைமுறை, 2018-ல் வந்த இரண்டாம் தலைமுறை, 2023-ல் வந்த யூஎஸ்பி-சி வகை, 2024-ல் வந்த ப்ரோ. இவற்றில் யூஎஸ்பி-சி பென்சிலுக்கு அழுத்தம் தெரியாது. சாய்வு மட்டும் தெரியும். குறிப்பு எழுத அது போதும், நிழல் கொடுத்துப் படம் வரைகிறவருக்குக் குறைதான். ப்ரோ பென்சில் சாதாரண ஐபேடில் வேலை செய்யாது. 2025-ல் வந்த, ஏ16 சிப் உள்ள சாதாரண ஐபேடுக்கு யூஎஸ்பி-சி வகை அல்லது முதல் தலைமுறைப் பென்சில்தான். முதல் தலைமுறைக்கு அழுத்தம் தெரியும், ஆனால் அதை இணைக்க ஒரு சிறு அடாப்டரும் வேண்டும். சாம்சங்கிலும் எல்லாவற்றுக்கும் எஸ் பென் உண்டு என்று நினைத்துவிட வேண்டாம். டேப் ஏ9, ஏ9 பிளஸ் இரண்டிலும் எஸ் பென் எழுதாது. ஐபேடுக்கென்று மலிவாகக் கிடைக்கும் வேறு நிறுவனப் பேனாக்கள் உள்ளங்கையை ஒதுக்கிவிடும், சாய்வும் புரிந்துகொள்ளும், அழுத்தம் மட்டும் பெரும்பாலும் கிடையாது.

சரி, கடையில் எப்படிச் சோதிப்பது? டெமோ கருவியும் அதோடு பேனாவும் இருக்கிற கடையாகப் பார்த்துப் போங்கள். காரைக்குடியில் கிடைக்காவிட்டால் மதுரைக்கோ திருச்சிக்கோ போய் வருவதில் தப்பில்லை. எழுதிப் பார்க்காமல் வாங்கக் கூடாத பொருள் இது. கையில் ஒரு சிறிய ஸ்கேலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் சோதனை, சாய்கோடு. ஸ்கேலைத் திரையில் சாய்வாக வைத்து, மிக மெதுவாக ஒரு கோடு இழுங்கள். நல்ல பேனாவில் கோடு நேராக வரும். மட்டமானதில் பாம்பு நெளிவது போல அலை அலையாக வரும். வேகமாக இழுத்தால் இந்தக் குறை தெரியாது, அதனால் மெதுவாக.

இரண்டாவது, புள்ளி. ஆங்கிலம் எழுதிக் காட்டுகிற விற்பனையாளருக்கு இது தோன்றாது. தமிழில் ஒரு வரியில் எத்தனை மெய்யெழுத்து, அத்தனை புள்ளி. நாம் புள்ளி வைப்பது சட்டென்று, லேசாக. பேனாவுக்கு அந்த லேசான தொடுதல் தெரியாவிட்டால் புள்ளி விழாது. சில செயலிகள் அதை ‘தட்டல்’ என்று எடுத்துக்கொண்டு வேறு எதையாவது திறக்கும். "பத்தித் தூண் 8 அடி 4 இஞ்ச், பக்கத்துத் தூண் 8 அடி 3½ இஞ்ச்" (பத்தி என்றால் முற்றத்தைச் சுற்றியுள்ள தாழ்வாரம்) என்று உங்கள் வழக்கமான வேகத்தில் ஐந்தாறு வரி எழுதுங்கள். பிறகு எத்தனை புள்ளி காணாமல் போயிருக்கிறது என்று பாருங்கள். ஒன்றிரண்டு போனால் பரவாயில்லை. வரிக்கு ஒன்று போனால் வேறு கருவி பாருங்கள்.

மூன்றாவது, முனைக்கும் கோட்டுக்கும் இடையிலான தூரம். திரையின் நான்கு மூலைகளிலும் சிறு கூட்டல் குறி போட்டு, அது பேனா முனைக்கு நேர் கீழே விழுகிறதா என்று பாருங்கள். நூல் கணக்கில், அதாவது இஞ்சில் எட்டில் ஒரு பங்கு வரை, அளவு எழுதுகிறவருக்கு இது கண்ணை உறுத்தும்.

நான்காவது, கையை முழுதாகத் திரையில் ஊன்றி எழுதுவது. கடை ஏசியில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடக்கும். வேர்த்த கை வேறு விதம். அதனால் விரலால் வரைவதை அடியோடு நிறுத்தும் அமைப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். ஐபேடில் ஆப்பிள் பென்சில் அமைப்புகளுக்குள் இருக்கிறது, சாம்சங் நோட்ஸிலும் உண்டு. வாங்கிய அன்றே அதைப் போட்டுவிடுங்கள்.

படி 3: வெயிலையும் இருட்டையும் கணக்கில் வையுங்கள்

செட்டிநாட்டு வீட்டின் வெளிச்சம் ஒரு கருவிக்குக் கடுமையான பரீட்சை. முற்றத்தில் நின்றால் கண் கூசும். நாலு அடி தள்ளிப் பத்திக்குள் வந்தால் நிழல். உள் அறையில் டார்ச் அடிக்க வேண்டும். ஒரே மணி நேரத்தில் மூன்றிலும் நின்று வரைவோம்.

சாதாரண டேப்லெட் திரையின் பிரகாசம் 400, 500 நிட் அளவில் இருக்கும். நிழலில் தாராளம், நேர் வெயிலில் முகம்தான் தெரியும். நிட் எண்ணிக்கையைவிட முக்கியம் கண்ணாடி எப்படி ஒட்டப்பட்டிருக்கிறது என்பது. விலை குறைந்த ஐபேடில் மேல் கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவே சிறு இடைவெளி உண்டு. ஐபேட் ஏரில் இரண்டும் ஒட்டியே இருக்கும், பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சும் உண்டு. ஒட்டிய திரையில் கோடு பேனா முனையிலேயே பிறப்பது போல இருக்கும். வரைவதுதான் முதன்மை வேலை என்றால் இந்த வித்தியாசத்துக்குப் பணம் கொடுக்கலாம்.

வெயிலில் படிக்க மின்தாளைத் தோற்கடிக்க எதுவும் இல்லை. அச்சிட்ட காகிதம் போலவே தெரியும், வெயில் ஏற ஏற இன்னும் தெளிவாகும். ஆனால் 2020-ல் வந்த ரீமார்க்கபிள் 2-ல் விளக்கே கிடையாது. உள் அறையில் ஒன்றும் தெரியாது. கிண்டில் ஸ்க்ரைப்பில் விளக்கு உண்டு, வண்ணம் இல்லாத மாடல்தான் பரவலாகத் தெரிந்தது. இரண்டிலும் கேமரா இல்லை. கதவைப் படம் எடுத்து அதன் மேலேயே அளவு எழுத முடியாது என்றால் வீட்டு வேலைக்கு அது பாதிக் கருவிதான். கூட்டங்களில் உட்கார்ந்து பக்கம் பக்கமாக எழுதுகிறவர், கல்லூரியில் பாடம் எடுக்கிறவர், வக்கீல் ஆகியோருக்கு மின்தாள் அருமையாகப் பொருந்தும்.

அடுத்தது சூடு. ஐபேடை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையுள்ள சூழலில் பயன்படுத்துங்கள் என்பது ஆப்பிள் சொல்லும் வரம்பு. சித்திரை வைகாசியில் இங்கே அந்த வரம்பு காலை பத்து, பதினொரு மணிக்கே தாண்டிவிடும். சூடு ஏறினால் திரை தானாக மங்கும், சார்ஜ் ஏறுவது நிற்கும், ரொம்பவும் போனால் ஆறும் வரை எச்சரிக்கை மட்டும் காட்டிக்கொண்டிருக்கும். எந்த நிறுவனக் கருவியானாலும் இதே கதிதான். முற்றத்தில் அளவு எடுக்கும்போது பத்தி நிழலில் நின்றுகொண்டு, அளக்கிறவரைச் சத்தமாகச் சொல்லச் சொல்லி எழுதுங்கள். காரின் டேஷ்போர்டில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

பளபளப்பில்லாத ஒட்டுத்தாள், அதாவது காகிதம் போல உரசும் ஸ்கிரீன் கார்டு, ஒட்டலாமா? கையெழுத்து ஒழுங்காக வரும், பிரதிபலிப்பும் குறையும். பதிலுக்குப் பேனா முனை சீக்கிரம் தேயும், திரையும் கொஞ்சம் கலங்கலாகும். எழுதுவது அதிகம் என்றால் ஒட்டுங்கள். ஓட்டின் நிறமும் கல்லின் நிறமும் பார்த்து முடிவெடுக்கிற வேலை என்றால் வேண்டாம்.

தூசிக்கும் தண்ணீருக்கும் ஐபி68 தரம் உள்ள கருவி கிடைத்தால் நல்லது. சாம்சங் டேப் எஸ்9 எஃப்இ, எஸ்10 எஃப்இ இரண்டிலும் அது உண்டு. ஐபேடுகளில் அப்படி ஒரு தரச்சான்று இல்லை. சுண்ணாம்பு சுரண்டுகிற வீட்டுக்குள் ஒரு வாரம் போய் வந்தவர்களுக்கு இது ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

படி 4: அளவு

இதில் ரொம்ப யோசிக்க வேண்டாம். ஏ5 தாளின் மூலைவிட்டம் சுமார் 10 இஞ்ச், ஏ4 தாளுடையது சுமார் 14 இஞ்ச். நின்றுகொண்டு இடது கையில் ஏந்தி எழுதுகிறவருக்கு 11 இஞ்ச், அரை கிலோ எடை. அதுவே வரம்பு. 13 இஞ்சை மேசையில் வைத்து வரைபவர் வாங்கட்டும். 8 இஞ்ச் சட்டைப் பைக்கும் போகாது, படம் வரையவும் பத்தாது.

படி 5: செயலியை வாங்குவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள்

கருவியைவிட அதிக காலம் நம்மோடு இருக்கப் போவது நம் குறிப்புகள். அவை எந்தச் செயலிக்குள் அடைபடுகின்றன என்பதைப் பாருங்கள். சாம்சங் நோட்ஸ் நன்றாக இருக்கும், ஆனால் நாளை ஐபேடுக்கு மாறினால் அந்தக் கோப்புகளை அப்படியே திறக்க முடியாது. ஒன்நோட் ஐபேட், ஆண்ட்ராய்டு, விண்டோஸ் மூன்றிலும் ஓடும்; பக்கத்துக்கு எல்லை இல்லாததால் வீட்டுக் கட்டுகளை ஒன்றின் பின் ஒன்றாக நீளமாக வரைந்துகொண்டே போகலாம். எதை எடுத்தாலும் வேலை முடிந்த குறிப்பைப் பிடிஎஃப்-ஆகவும் ஒரு பிரதி எடுத்து வைக்கும் பழக்கம் வேண்டும்.

வரைவதற்கு, அளவோடு வரைய வேண்டுமா, அழகுக்கு வரைய வேண்டுமா என்று பிரித்துக்கொள்ளுங்கள். அளவுக்குக் கான்செப்ட்ஸ் என்ற செயலி பொருத்தம். அதில் இத்தனை இஞ்சுக்கு ஓர் அடி என்று விகிதம் வைத்து வரையலாம், எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு உடையாது. ஐபேடிலும் ஆண்ட்ராய்டிலும் கிடைக்கிறது. ப்ரோகிரியேட் ஐபேடில் மட்டும்தான். ஒரே முறை காசு கொடுத்தால் போதும், மாதச் சந்தா கிடையாது. ஆத்தங்குடிக் கல்லுக்குப் பூ வரைகிறவருக்கு அதில் உள்ள சமச்சீர் வழிகாட்டி பெரிய வசதி. கல்லின் கால் பாகத்தை மட்டும் வரைந்தால் மற்ற மூன்று பாகமும் தானாக வந்துவிடும். கண்ணாடிப் பலகை மேல் அச்சு வைத்துக் கையால் வண்ணம் ஊற்றிச் செய்கிற கல் அது. ஊற்றுகிறவர் கை எவ்வளவு நுணுக்கம் தாங்கும் என்று பார்த்து வரையுங்கள், திரையில் மயிரிழைக் கோடு வருகிறது என்பதற்காக வரைய வேண்டாம்.

தமிழ்க் கையெழுத்தைத் தட்டச்சு எழுத்தாக மாற்றும் வசதியை நம்பி எந்தக் கருவியையும் வாங்காதீர்கள். ஆண்ட்ராய்டில் கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகையில் தமிழைக் கையால் எழுதி உள்ளிடலாம், சிறு வரிகளுக்கு நன்றாகவே வரும். ஆனால் "3 அடி 7 இஞ்ச் 2 நூல்" என்று அம்புக்குறிகளோடு கிறுக்கியதை எந்தச் செயலியும் ஒழுங்காகப் படித்துத் தராது. எளிய வழி: ஒவ்வொரு பக்கத்துக்கும் தலைப்பை மட்டும் தட்டச்சு செய்யுங்கள். ஊர், வீடு, கட்டு, பொருள், தேதி. தேடும்போது அதுவே கை கொடுக்கும்.

வரைந்ததை யாரிடம் கொடுக்கப் போகிறோம் என்பதும் செயலித் தேர்வில் சேர்த்திதான். மேஸ்திரிக்குப் போவது வாட்ஸ்அப்பில். அவர் போனில் பிடிஎஃப் திறந்து பெரிதாக்கிப் பார்க்கப் பொறுமை இருக்காது, "அண்ணே, படமா அனுப்புங்க" என்பார். படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். மெல்லிய அளவு எண்கள் மங்கும். அதனால் டாக்குமெண்டாக அனுப்புங்கள், அல்லது ஒரு படத்துக்கு ஒரு பொருள் என்று எண்களைப் பெரிதாக எழுதுங்கள். ஆசாரிக்கு வேண்டியது வேறு. நிலையின் மேல் கஜலட்சுமிப் பலகைக்குக் கீழே ஓடும் கொடியைச் செதுக்க அவருக்கு அசல் அளவில் காகிதம் வேண்டும். பெரிய தாளில் பிரிண்ட் எடுக்கும்போது ‘தாளுக்குப் பொருத்து’ என்ற தேர்வு இருந்தால் அளவு சுருங்கிவிடும். படத்தின் ஓரத்தில் சரியாக 1 இஞ்ச் பெட்டி ஒன்று வரைந்து வையுங்கள். பிரிண்ட் வந்ததும் ஸ்கேல் வைத்து அந்தப் பெட்டியை முதலில் அளந்து பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

முழு ஆட்டோகேட் ஓட்ட வேண்டும் என்கிறவர் இந்தப் பட்டியலை விட்டு விண்டோஸ் பக்கம் போக வேண்டும். இன்டெல் சிப் உள்ள சர்ஃபேஸ் ப்ரோ போன்றவற்றில் அது ஓடும். விலையும் எடையும் அதற்கேற்ப.

படி 6: மொத்தக் கணக்கு

விலைச் சீட்டில் உள்ளது டேப்லெட்டின் விலை மட்டும். பேனாவைச் சேர்த்துப் பாருங்கள். ஏ16 ஐபேட் 2025-ல் 34,900 ரூபாய்க்கு அறிமுகமானது; யூஎஸ்பி-சி பென்சில் 7,900. மொத்தம் 42,800. அதே ஆண்டு வந்த சாம்சங் டேப் எஸ்10 எஃப்இ 42,999. எஸ் பென் பெட்டிக்குள்ளேயே வரும், அழுத்தமும் தெரியும், ஐபி68-ம் உண்டு. கிட்டத்தட்ட ஒரே காசு. வேலையிடத்து அலைச்சலுக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். ப்ரோகிரியேட்டோடு ஒட்டிய திரையும் ப்ரோ பென்சிலும் வேண்டும் என்கிறவர் 2025-ல் வந்த எம்3 சிப் ஐபேட் ஏர் 59,900, ப்ரோ பென்சில் 11,900, ஆக 71,800 என்று கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். இவை அறிமுக விலைகள். தீபாவளிச் சலுகையில் இறங்கும்.

சேமிப்பிடம் 128 ஜிபி போதும், குறிப்புகள் இடம் அடைக்காது, போட்டோதான் அடைக்கும். சாம்சங் எஃப்இ வகைகளில் மெமரி கார்டு போடலாம், ஐபேடில் முடியாது. சிம் உள்ள மாடலுக்குக் கூடுதல் காசு தேவையில்லை, போனில் ஹாட்ஸ்பாட் போட்டுக்கொள்ளலாம். உறை, ஒட்டுத்தாள், மாற்று முனைகள், பவர் பேங்க் எல்லாவற்றுக்கும் தனியாக ஒரு தொகை ஒதுக்குங்கள்.

பழையது வாங்குகிறீர்களா? பேனாவும் சேர்த்துக் கொடுக்கிறாரா என்று பாருங்கள். ஐபேடாக இருந்தால் விற்பவர் உங்கள் கண் முன்னால் தன் ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறிக் கருவியை முழுதாக அழித்துக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் பூட்டு விழுந்த பலகைதான் உங்களுக்கு மிஞ்சும்.

படி 7: முதல் வாரம்

வேலையை ஒரேயடியாக மாற்ற வேண்டாம். முதல் வாரம் நோட்டும் பையில் இருக்கட்டும். கட்டம் போட்ட பக்கம் ஒன்றை வார்ப்பாக வைத்து, ஒரு கட்டம் ஓர் அடி என்று முடிவு செய்துகொள்ளுங்கள். அளவெடுக்கும் வரிசையையும் நிரந்தரமாக்குங்கள்: முகப்பிலிருந்து உள்ளே, வலப்பக்கச் சுவரிலிருந்து சுற்றி. அளவுகள் ஒரு வண்ணத்தில், பழுதுகள் இன்னொரு வண்ணத்தில், வீட்டுக்காரர் சொன்னது மூன்றாவதில். இதற்கு மேல் வண்ணம் சேர்த்தால் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே புரியாது.

அப்புறம் காப்பு நகல். கூகுள் கணக்கில் 15 ஜிபி, ஐகிளவுடில் 5 ஜிபி இலவசம். குறிப்புகளுக்கு அது போதும். செயலிக்குள் போய்த் தானியங்கி ஒத்திசைவு நிஜமாகவே ஓடுகிறதா என்று போனில் திறந்து பார்த்துவிடுங்கள். பல செயலிகளில் அதை நாமேதான் இயக்க வேண்டும். பேனா முனை தேய்ந்தால் முதலில் கீச்சென்று சத்தம் வரும், பிறகு கோடு விட்டுவிட்டு விழும். ஆப்பிள் பென்சிலில் முனையைத் திருகிக் கழற்றலாம், எஸ் பென்னில் இடுக்கியால் இழுத்து மாற்றலாம். மாற்று முனை ஒன்றை உறைக்குள்ளேயே வைத்திருங்கள்.